அருகில் யாரும் இல்லை என்று டிக் செய்யவும்

பூட்டு என்று எல்லோரும் அழைக்கும் அந்த மனிதன் ஒரு வாரமாக ஒரு திருடனைத் துரத்திக்கொண்டிருந்தான். அந்தத் திருடன் அதே ஒரு வாரமும் அவன் வீட்டிலேயே, அவன் படுக்கிற அறைக்கு அடுத்த அறையில், பள்ளிச் சீருடைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தான். திருடன் வேறு யாருமில்லை. பூட்டின் சொந்த அக்காதான்.

இதை இப்போதே போட்டு உடைத்துவிட்டேன், பரவாயில்லை. ஒளித்து வைத்துச் சொல்கிற வேலையெல்லாம் பூட்டுக்குத்தான் சரிப்படும், எனக்கு வராது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு இடது மார்பில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. ஊசி போட்டுக் கொஞ்சம் சதையை எடுத்து, நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்று பார்க்க ஒரு லேபுக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வந்து பதின்மூன்று நாளாயிற்று. அது அக்காவின் மெயிலில் கிடந்தது. அக்கா அதைத் திறக்கவில்லை. பதினான்காம் நாள் பகல் இரண்டு மணிக்கு அது தானாக அழிந்துவிடும். அப்புறம் மறுபடி ஊசி, மறுபடி சதை, மறுபடி காத்திருப்பு. அப்படி அழியும்படி ஏற்பாடு செய்தவன் யார் என்று கேட்கிறீர்களா? வேறு யார், பூட்டுதான்.

பூட்டு பிறவியிலேயே பூட்டு. பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாளை இடது கையால் மறைத்துக்கொண்டே எழுதுவான். பக்கத்துப் பையன் என்ன, சமயத்தில் அவனுக்கே தான் எழுதினது தெரியாது. வளர்ந்த பிறகு வீட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய், திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பான். வீட்டு வைஃபைக்கு முப்பத்திரண்டு எழுத்தில் பாஸ்வேர்டு. அவன் மனைவி அதை ஒரு சீட்டில் எழுதிச் சர்க்கரை டப்பாவுக்குள் போட்டு வைத்திருந்தாள். அது அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சர்க்கரை டப்பாவுக்கும் ஒரு பாஸ்வேர்டு வந்திருக்கும்.

அவன் வேலை பார்த்தது அந்த லேபில். மூன்று அடுக்குக் கட்டடம். கீழே வரவேற்பு மேசை, முதல் மாடியில் ரத்தம் எடுப்பார்கள், இரண்டாம் மாடியில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபடி டாக்டர்கள். மாடிப்படிக்கு அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கிற ஒரு அறையில் பூட்டு. லேபின் வெப்சைட்டிலிருந்து ஆட்களுக்குப் போகிற மெயில்கள் எல்லாம் அவன் பொறுப்பு. ஆறு வருஷம் அந்த வேலை அமைதியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரின் விவகாரம் வரும் வரை.

மாஸ்டர் மலப் பரிசோதனைக்கு வந்தவர், சொந்த மெயில் மறந்துபோனதால் ஸ்கூலின் பொது மெயிலைக் கொடுத்துவிட்டுப் போனார். ரிப்போர்ட் அங்கே போயிற்று. மறுநாள் காலை ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த ஒரு மாணவி, கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல், ரொம்ப மரியாதையாக, "மாஸ்டர், புழு போயிடுச்சா?" என்று கேட்டாள். மாஸ்டர் தன் பக்கத்து பிரேக்கை மிதித்த மிதியில் கார் நடுச்சந்தியில் நின்றது. அன்று மத்தியானம் அவர் லேபுக்கு வந்து கத்தின கத்தலில் ரத்தம் கொடுக்க வந்தவர்களில் இரண்டு பேர் கொடுக்காமலே போய்விட்டார்கள்.

முதலாளி பூட்டைக் கூப்பிட்டார்.

"இதோ பாரு. இனிமே நம்ம மெயில் எவன் கையில சிக்கினாலும் அவனுக்கு ஒரு எழுத்து புரியக் கூடாது. என்ன செய்வியோ ஏது செய்வியோ."

பசித்தவனை விருந்துக்குக் கூப்பிட்ட மாதிரி ஆகிவிட்டது பூட்டுக்கு.

முதலில் மெயிலோடு ரிப்போர்ட்டை இணைப்பதை நிறுத்தினான். அதுவரை நியாயம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. பிறகு ஆளின் பெயரை எடுத்தான். பிறகு லேபின் பெயரை எடுத்தான். பிறகு வணக்கத்தை எடுத்தான், அதிலிருந்தும் யாராவது எதையாவது ஊகித்துவிடலாம் என்று. கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: "ஒரு தகவல் உள்ளது. யாருக்கு, யாரிடமிருந்து, எதைப் பற்றி என்பதைப் பாதுகாப்புக் காரணங்களால் இங்கே சொல்வதற்கில்லை. கீழே அழுத்தவும். இந்த மெயில் வந்ததை யாரிடமும் சொல்ல வேண்டாம்."

பாதிப் பேர் இதை மோசடி என்று அழித்துவிட்டார்கள். மீதிப் பேர் மிரட்டல் என்று நடுங்கினார்கள். ஒரு கடைக்காரர், தான் பல வருஷத்துக்கு முன் செய்த ஏதோ ஒரு காரியம் வெளியே வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அவருக்கு வந்திருந்தது சர்க்கரை ரிப்போர்ட். சர்க்கரை சரியாகத்தான் இருந்தது.

லிங்க்கை அழுத்தினால் ஐந்து படிகள். முதல் படி, போனுக்கு வருகிற எண். இரண்டாவது, பிறந்த தேதி. மூன்றாவது, லேபில் பதிவு செய்தபோது கொடுத்த ரகசியச் சொல். நான்காவது, பரிசோதனைக்கு எடுத்தது உடம்பின் எந்தப் பக்கத்தில், இடமா வலமா. ஒவ்வொரு லிங்க்குக்கும் பத்து நிமிஷம்தான் உயிர். ஐந்தும் தாண்டினால் ரிப்போர்ட் மூன்று நிமிஷம் கண்ணுக்குத் தெரியும், ஒரே ஒரு முறை. அச்சடிக்க முடியாது, படம் பிடிக்க முடியாது. இரண்டாம் மாடி டாக்டர்களுக்குக்கூட வெறும் எண்தான் தெரியும், ஆள் தெரியாது. "நானே நினைச்சாலும் படிக்க முடியாது" என்று பூட்டு பெருமையாகச் சொல்லிக்கொள்வான். தான் கட்டின வீட்டுக்குள் தானே நுழைய முடியாமல் போனதற்கு இப்படி மார் தட்டிக்கொண்ட ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஐந்தாவது படிதான் அவனுடைய தலைசிறந்த படைப்பு. ஒருநாள் பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது, முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணின் தோளுக்கு மேலாக அவள் போனில் திறந்திருந்த ரிப்போர்ட் இவன் கண்ணில் பட்டுவிட்டது. தைராய்டு. இவனுக்கு வியர்த்துவிட்டது. இத்தனை பூட்டுப் போட்டும் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிறவனை என்ன செய்வது? அலுவலகம் போய் இறங்கினதும் ஒரு சிறிய கட்டம் போட்டான். பக்கத்தில் எழுதினான்: "நான் தனியாக இருக்கிறேன். என் அருகில் யாரும் இல்லை." கட்டத்தில் டிக் செய்தால்தான் ரிப்போர்ட்.

வரவேற்பு மேசையில் இருக்கும் அம்மாவை எல்லோரும் மேசையம்மா என்பார்கள். அன்றிலிருந்து மேசையம்மாவின் போன் கீழே வைக்கப்படவில்லை.

"மடியில குழந்தை தூங்குதாம். குழந்தை கணக்குல வருமான்னு கேக்கறாங்க" என்று படிக்கட்டுக்கு அடியில் குனிந்து கேட்டார்.

பூட்டு யோசித்தான். "படிக்கத் தெரியுமா?"

"ஆறு மாசம் சார்."

"அப்ப பரவாயில்லை."

"இன்னொருத்தர் வீட்ல ஒன்பது பேராம், ரெண்டே ரூமாம். தனியா எங்க போறதுன்னு கேக்கறார்."

"பாத்ரூம்?"

"கேட்டேன். அங்க சிக்னல் இல்லையாம்."

ஒரு நாள் மேசையம்மா உள்ளே வந்தார். "ஒருத்தர் கூப்பிட்டார். கண்ணு தெரியாதவர். யாராவது பக்கத்துல உக்காந்து படிச்சுச் சொன்னாத்தான் உண்டு. அவர் என்ன டிக் பண்றது?"

"யோசிச்சுச் சொல்றேன்" என்றான் பூட்டு. நான்கு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தான்.

மேசையம்மா விவரமானவர். போனில் குரலைத் தாழ்த்தி, "டிக் போட்டுட்டுப் போய்க்கிட்டே இருங்க, யாரு வந்து பாக்கப்போறா?" என்று எல்லோருக்கும் சொல்லிக் காரியத்தை ஓட்டிவந்தார். அந்தக் கட்டத்தில் ஒருவர் பொய்யாக டிக் செய்யக்கூடும் என்பது மட்டும் பூட்டுக்குத் தோன்றவே இல்லை. உலகத்தில் எல்லோரையும் சந்தேகப்பட்ட மனிதன், அந்த ஒரு டிக்கை முழுசாக நம்பினான்.

அவனைப் போலவே அந்தக் கட்டத்தை மதித்தவர் இன்னும் ஒரே ஒருவர். அது அவனுடைய அக்கா. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் அல்லவா.

திருடன் கண்ணில் பட்டது இப்படித்தான். யார் எந்தப் படி வரை வந்தார்கள் என்று ஒரு பதிவேடு தானாக எழுதிக்கொண்டே இருக்கும். அதில் 40717 என்ற எண் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை வருகிறது. நான்கு படிகளையும் பிசகாமல் தாண்டுகிறது. ஐந்தாவதில் நின்றுவிடுகிறது. பத்து நிமிஷமும் அப்படியே நின்று, லிங்க் செத்த பிறகு மறுபடி புதிதாக ஆரம்பிக்கிறது. சொந்த ரிப்போர்ட்டைப் பார்க்க வந்தவர் எதற்காக வாசல் வரை வந்து வந்து திரும்பிப் போக வேண்டும்?

"எவனோ பூட்டைத் தடவிப் பாக்கறான் சார்" என்று முதலாளியிடம் சொன்னான்.

முதலாளிக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அந்த எதிர்த்தெரு லேப்காரனாத்தான் இருக்கும். விடாதே!"

பூட்டு விடவில்லை. அந்த ஒரு எண்ணுக்கு மட்டும், ஐந்தாவது படியில், சிவப்பு எழுத்தில் ஒரு வரி சேர்த்தான்: "நீங்கள் யார் என்பது எங்களுக்குத் தெரியும்." சுத்தப் பொய். பயமுறுத்தினால் ஓடிவிடுவான் என்ற நினைப்பு. அதற்கு அடுத்த நாள் திருடன் ஐந்து முறை வந்தான்.

பதினான்காம் நாள் காலை பதினோரு மணிக்குத்தான், திருடன் எந்த இணைய இணைப்பிலிருந்து வருகிறான் என்று பார்க்கத் தோன்றியது அவனுக்கு. முதல் நாளே பார்த்திருக்க வேண்டியது அது. பூட்டின் மேல் பூட்டுப் போடுகிற மும்முரத்தில் கதவுக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று எட்டிப் பார்க்க மறந்துவிட்டான். இணைப்பின் எண்ணைப் பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். அந்த எண் அவனுக்கு மனப்பாடம். அவன் வீட்டு இணைப்பு.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மனைவிக்குப் போன் செய்தான். "நம்ம வைஃபை பாஸ்வேர்டை யாருக்காவது சொன்னியா?"

"அந்த முப்பத்திரண்டு எழுத்தையா? சொல்லி முடிக்கறதுக்குள்ள கேக்கறவங்களுக்கு வயசாயிடுமே" என்று சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள்.

அப்படியானால் திருடன் பக்கத்தில் எங்கேயோ உட்கார்ந்து தன் வீட்டு இணைப்பையே உடைத்திருக்கிறான். பூட்டுக்கு ரத்தம் கொதித்தது. 40717 வழக்கமாக வருவது மத்தியானம் ஒன்றரைக்கு. மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். வாசலில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். இன்னொரு கையில் மூலையில் கிடந்த குடை. குடையை வைத்துக்கொண்டு இணையத் திருடனை என்ன செய்வதாக இருந்தான் என்று பிற்பாடு நான் கேட்டபோது பேச்சை மாற்றிவிட்டான்.

பக்கத்து அறையில் அக்காவின் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவளைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று கூடத்துக் கதவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, மடிக்கணினியைத் திறந்து, பதிவேட்டைப் பார்த்தபடி காத்திருந்தான். ஒன்று இருபத்தேழுக்கு மிஷின் நின்றது. ஒன்றரைக்கு 40717 வந்தது.

படி ஒன்று. சரி.

"பொறந்த தேதி..." என்று பக்கத்து அறையில் அக்கா முணுமுணுத்தாள். படி இரண்டு. சரி.

"ரகசியச் சொல்லு... பாவாடை நாடா" என்றாள் அக்கா, தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி. படி மூன்று. சரி.

பூட்டுக்குக் குடை கையை விட்டு நழுவியது.

"இடது பக்கம்." படி நான்கு. சரி.

அப்புறம் ஒன்றுமில்லை. பதிவேடு அசையவில்லை. பக்கத்து அறையில் மூச்சு விடுகிற சத்தம் மட்டும். சுவருக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவள், நடுவில் அவன் போட்ட கட்டம். பத்து நிமிஷமும் ஓடித் தீர்ந்தது. தையல் மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

பூட்டு எழுந்து கதவருகே போய் நின்றான். அக்கா நிமிர்ந்து பார்த்தாள். கையில் செருப்போடு நிற்கிற தம்பி.

"ஏன்டா, லீவா?"

"அக்கா, என்ன டெஸ்ட்?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு சொன்னாள். கட்டி, ஊசி, சதை எல்லாவற்றையும் ஒரு சட்டைக்கு அளவு சொல்வதுபோல அடுக்கிவிட்டாள். அவளாகவே தனியாகப் போய், தனியாக உட்கார்ந்து, தனியாகத் திரும்பி வந்திருக்கிறாள். எடுத்த சதையை டாக்டர் அவள் கையிலேயே கொடுத்து அனுப்பினது இவன் லேபுக்குத்தான். இவன் படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்திருந்தபோது அவள் அந்தப் படிக்கட்டிலேயே ஏறிப் போயிருக்கிறாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"மெயில்ல நீதானே போட்டிருந்தே, யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்னு. சொன்னா உன் வேலைக்கு ஏதாவது வந்துடுமோன்னு பயந்தேன்."

பூட்டு செருப்பைக் கீழே போட்டான்.

"சரி, டிக் போட்டுத் திறந்திருக்கலாமே. நாலு படி தாண்டியாச்சே."

அக்கா மடியிலிருந்த சின்னக் காற்சட்டையை மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள். "அந்தக் கட்டத்துல விரலை வைக்கப் போவேன்டா. 'நான் தனியாக இருக்கிறேன். என் அருகில் யாரும் இல்லை.' ஆமா, எனக்கு யாருமில்லைன்னு நானே எழுதிக் கொடுக்கற மாதிரி இருக்கும். நல்ல சேதியா இருந்தாச் சரி. கெட்ட சேதியா இருந்தா, அதைத் தனியா வாங்கிக்க என்னால முடியல. நாளைக்குப் பாத்துக்கலாம்னு வச்சுடுவேன்." காற்சட்டையை மிஷின் மேல் வைத்தாள். "அப்புறம் சிவப்புல எழுத்து வந்துச்சு. நீங்கள் யார் என்பது எங்களுக்குத் தெரியும்னு. தம்பிக்குத் தெரிஞ்சுடுச்சுன்னு நினைச்சேன். தெரிஞ்சும் நீ வந்து உக்காந்து சாப்பிட்டுட்டு எழுந்து போனே, ஒரு வார்த்தை கேக்கல. அப்ப கெட்டதுதான், சொல்ல மனசு வராம இருக்கேன்னு நானே முடிவு பண்ணிட்டேன்."

பூட்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். தன் வாழ்நாளில் அவன் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை. மணியைப் பார்த்தான். ஒன்று நாற்பத்தொன்பது. பதினோரு நிமிஷத்தில் எல்லாம் அழிந்துவிடும்.

"போனை எடு. புதுசா லிங்க் கேளு. சீக்கிரம்!"

எண், தேதி, பாவாடை நாடா, இடது பக்கம். பூட்டு பழக்கதோஷத்தில் ஒவ்வொரு படிக்கும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். ஐந்தாவது படி வந்தது. கட்டம், அந்த வரி, அதற்குக் கீழே சிவப்பில் அவனுடைய அசட்டு மிரட்டல்.

"நீ பக்கத்துல இருக்கியேடா" என்றாள் அக்கா. "தனியா இல்லையே. டிக் போட்டாப் பொய்யாயிடாதா?"

"பொய்தான்" என்றான் பூட்டு. அவள் பக்கம் நகர்ந்து, தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தான். "போடு."

போட்டாள். திரை முழுக்க எழுத்து. மேலே மூன்று நிமிஷம் குறைந்துகொண்டே வந்தது. அவள் கண்ணில் நீர் முட்டி ஒன்றும் தெரியவில்லை. "நீ படிடா. எனக்குக் கலங்கித் தெரியுது."

இத்தனை வருஷத்தில் லட்சம் ரிப்போர்ட் அனுப்பியிருப்பான். ஒன்றையும் படித்ததில்லை. இப்போது படித்தான். பாதிச் சொற்கள் புரியவில்லை, புரியாதவற்றைத் தாவினான், கடைசி வரிக்கு வந்து, அதை இரண்டு முறை மனதுக்குள் படித்துவிட்டுச் சத்தமாகச் சொன்னான். "புற்றுநோய் அணுக்கள் எதுவும் காணப்படவில்லை. சாதாரண நார்க்கட்டி. ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கவும்."

"என்னது?"

"ஒண்ணுமில்லக்கா. நல்ல கட்டிதான்."

அக்கா அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "இதையாடா பதினாலு நாளா உள்ள வச்சுப் பூட்டியிருந்தே?" அடித்த கையாலேயே அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு சிரித்தாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எங்க, நானும் ஒரு தடவை பாக்கறேன்" என்று போனை எடுத்தாள்.

திரை வெள்ளையாக இருந்தது. மூன்று நிமிஷம் முடிந்திருந்தது. நடுவில் ஒரே ஒரு வரி: "இப்படி ஒரு தகவல் இருந்ததாக எங்களிடம் பதிவு இல்லை."

"மறுபடி காட்டு."

"முடியாதுக்கா. ஒரு தடவைதான். டாக்டருக்கும் ஒண்ணு போயிருக்கும், ஆனா அதுவும் ரெண்டு மணிக்கு அழிஞ்சுடும். அவரும் தனியா இருந்தாத்தான் திறக்கும்." சொல்லும்போதே அவனுக்குத் தன்னை நாலு அறை அறைய வேண்டும்போல் இருந்தது.

"அப்ப நிஜமா அப்படித்தான் போட்டிருந்துச்சா? நீ எனக்காகச் சும்மா சொல்லலையே?"

"நிஜமாக்கா."

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னான். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "இன்னொரு தடவை." சொன்னான். எழுதி வைத்தது எதுவும் அவர்கள் கையில் இல்லை, அவன் வாய் மட்டும்தான் இருந்தது. எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனான், ரகசியம் பேசுகிறவன் பழக்கம். "அது கெடக்கட்டும், திறந்தே இருக்கட்டும். சத்தமா சொல்லு" என்றாள் அக்கா.

"புற்றுநோய் எதுவும் இல்ல!" என்று பூட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக் கத்தினான். "எங்க அக்காவுக்கு ஒண்ணுமில்ல! நல்ல கட்டி!"

எதிர் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண், கையில் ஈரத் துணியோடு கம்பி ஓரம் வந்து எட்டிப் பார்த்தாள். "என்னங்க? யாருக்கு என்ன?"

பூட்டு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, முதலிலிருந்து எல்லாவற்றையும் அவளுக்கும் சொன்னான்.